கார்புரேட்டரின் கடைசிக் காலம்: பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த கதை

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர்களின் வாகனம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட சொல்லிவிடும்... டி.வி.எஸ். எக்ஸ்.எல்.! பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ஒரு கூடை, நடுவில் ஓட்டுபவர். பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் வண்டி என்று பெயர் வாங்கியது. 2020-க்குப் பிறகு வாங்கிய எக்ஸ்.எல். வண்டியைப் பிரித்துப் பார்த்தால் அதில் கார்புரேட்டர் இருக்காது. அதன் இடத்தில் ஒரு சின்ன இன்ஜெக்டரும், அதற்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டரும் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் பறந்த ஜெர்மானிய போர் விமானத்தின் எஞ்சினிலும் இதே கருத்துதான் இருந்தது: பெட்ரோலைக் காற்று உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விடாமல், அளந்து பீய்ச்சி அடிப்பது. அந்தக் கருத்து மீன்காரர் வண்டிக்கு வந்து சேர ஏன் எண்பது வருடம் ஆயிற்று? அதுதான் இந்தக் கட்டுரை.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சின் எரிவது பெட்ரோலால் மட்டும் அல்ல, காற்றாலும்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கேட்க சாதாரணமாக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்த விகிதம் கொஞ்சம் தவறினாலும் சிக்கல். பெட்ரோல் கூடினால் கரும்புகை, மைலேஜ் போச்சு. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறும், இழுவை இருக்காது.

இந்தக் கலவையைச் செய்வது கார்புரேட்டரின் வேலை. 1890-களில் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் இதற்கு நல்ல வடிவம் கொடுத்தார்கள். காற்று போகும் குழாயை ஓரிடத்தில் ஒடுக்கினால் அங்கே வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை (ஜெட்) வைத்தால் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டு தூறலாகக் கலந்துவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் மிதக்கும் ஒரு பிளோட். பெட்ரோல் மட்டம் குறைந்தால் பிளோட் இறங்கி வழி விடும், நிறைந்தால் அடைத்துவிடும். நம் வீட்டு ஓவர்ஹெட் டாங்கில் இருக்கும் பந்து வால்வு மாதிரி.

பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. அதனால்தான் நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

ஆனால் கார்புரேட்டர் சமைப்பது கைத்திட்டத்தில்தான். காற்று சூடா குளிரா, அடர்த்தியா லேசா என்று அதற்குத் தெரியாது. கடல்மட்டத்தில் இருக்கும் கடலூரில் அழகாக ட்யூன் செய்த வண்டியை ஊட்டி மலைக்கு ஏற்றிப் பாருங்கள். மேலே காற்று லேசு, ஜெட் துளை மட்டும் அதே அளவு. பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும்.

டீசலுக்குக் கட்டாயம், பெட்ரோலுக்கு ஆடம்பரம்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் நன்றாக அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால்தான் எரியும். ஆகவே டீசலுக்கு இன்ஜெக்‌ஷன் இல்லாமல் வாழ்க்கையே இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் வாகன டீசல் எஞ்சின்களுக்கான பம்பைத் தொடர் உற்பத்தியாகத் தயாரிக்கத் தொடங்கியது.

பெட்ரோலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்புரேட்டர் மலிவாக வேலையை முடித்துவிடும்போது செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? இன்னொரு தொல்லையும் உண்டு. டீசலுக்கு எண்ணெய்ப் பசை இருக்கிறது, பம்பின் உள்பாகங்கள் அதிலேயே வழுக்கி ஓடும். பெட்ரோலுக்கு அது கிடையாது. உராய்ந்து பம்ப் தேய்ந்துவிடும்.

இருந்தாலும் முயற்சிகள் நடந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே பிரான்சில் லெவவசர் வடிவமைத்த ஆன்ட்வானெட் விமான எஞ்சின்களில் கார்புரேட்டருக்குப் பதில் சிறு பம்ப் இருந்தது. 1925-ல் ஸ்வீடன்காரர் யோனாஸ் ஹெசல்மன், சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைப் பீய்ச்சி பிளக்கால் பற்றவைக்கும் எஞ்சினைக் காட்டினார்.

வானத்தில் நடந்த சோதனை

பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை உண்மையில் வளர்த்தது போர்தான். கார்புரேட்டரின் பெரிய பலவீனம் அந்த பிளோட் கிண்ணம். சாலையில் போகும் வண்டிக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் சண்டை விமானம் தலைகீழாகப் புரளும், செங்குத்தாகக் குதிக்கும். அப்போது கிண்ணத்துப் பெட்ரோல் எங்கே நிற்கும்?

ஜெர்மானியர்கள் 1930-களின் பிற்பகுதியிலேயே டெய்ம்லர்-பென்ஸ் டி.பி. 601 எஞ்சினில் நேரடி இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்துவிட்டார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்தது அதுதான். எதிரே நின்ற பிரிட்டனின் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், அதில் கார்புரேட்டர்.

1940-ல் நடந்த பிரிட்டன் வான்போரில் இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடியது. துரத்தப்படும் ஜெர்மானிய விமானி மூக்கைக் கீழே தள்ளி சட்டென்று குதிப்பார். பின்னால் வரும் ஸ்பிட்பயரும் அப்படியே குதித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் மேலே எழும்பும், எஞ்சின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். அடுத்த கணம் பிளோட் வழியைத் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்குள் எதிரி தப்பிவிடுவார். ஆகவே பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தைக் குப்புறப் புரட்டி, பிறகுதான் கீழே பாய வேண்டியிருந்தது. அந்தச் சில நொடிகள் பெரிய நஷ்டம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஒரு பெண்! ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளராக இருந்த பியாட்ரிஸ் ஷில்லிங். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி வந்தவர். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ அதற்கு மேல் போகவிடாமல் தடுக்கும், நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டை அவர் வடிவமைத்தார். எஞ்சினைக் கழற்றவே தேவையில்லை. 1941-ல் அவரே குழுவோடு விமானத் தளங்களுக்குப் போய்ப் பொருத்த உதவினார். முழுத் தீர்வு இல்லை, ஆனால் எஞ்சின் வெள்ளத்தில் மூழ்குவது நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றும் தெரியாமல் கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கார்புரேட்டரில் கலக்கும் பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக சூப்பர்சார்ஜருக்குப் போவதால் சக்தி கூடும். அந்த லாபத்துக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு அது. விலை என்ன என்பது போரில்தான் தெரிந்தது.

சோவியத் யூனியனும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ஆஷ்-82எப்.என். எஞ்சின் நேரடி இன்ஜெக்‌ஷனோடு 1943-ல் லா-5எப்.என். விமானத்தில் போருக்கு வந்தது.

தரைக்கு வந்த இன்ஜெக்‌ஷன்

போரில் தோற்ற ஜெர்மனியில் விமான எஞ்சின் செய்யத் தடை. அந்த அறிவு கார்களுக்கு இறங்கியது. டெய்ம்லர்-பென்ஸில் விமான எஞ்சின் வேலை பார்த்திருந்த ஹான்ஸ் ஷெரன்பெர்க், குட்பிராட் என்ற சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் குட்பிராட் சுப்பீரியர், கோலியாத் ஜி.பி. 700 என்ற இரண்டு குட்டிக் கார்கள் நேரடி இன்ஜெக்‌ஷனோடு வந்தன. இரண்டும் டூ ஸ்ட்ரோக்! டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாகத் தப்பிவிடும். சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சினால் அந்த வீண் குறையும்.

பிறகு மெர்சிடிஸுக்குத் திரும்பிய ஷெரன்பெர்க்கின் காலத்தில் வந்ததுதான் 1954-ன் புகழ்பெற்ற 300 எஸ்.எல். கதவுகள் பறவைச் சிறகு போல மேலே திறக்குமே, அந்தக் கார். நேரடி இன்ஜெக்‌ஷனால் 3 லிட்டர் எஞ்சினில் 215 குதிரைசக்தி கிடைத்தது. ஆனால் ஒரு குறை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்தான். சாதாரண மனிதனின் காருக்கு இன்ஜெக்‌ஷன் வர, இயந்திரப் பம்புக்குப் பதில் வேறு ஒன்று தேவைப்பட்டது.

அமெரிக்காவின் தோல்வி, ஜெர்மனியின் வெற்றி

அந்த வேறு ஒன்று, மின்சாரம். 1957-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரோஜெக்டர் என்ற முறையை அறிவித்தது. மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை எலக்ட்ரானிக் பெட்டி முடிவு செய்யும். இன்றைய எல்லா முறைகளுக்கும் இதுதான் பாட்டன்.

1958-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் சில கார்களில் வைத்து விற்றது. விற்றது முப்பத்தைந்து கார்கள்தான்! அன்றைய எலக்ட்ரானிக் பாகங்கள் எஞ்சின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களைத் திரும்ப வரவழைத்துக் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். காப்புரிமைகள் பாஷ் கைக்குப் போயின.

பாஷ் பொறுமையாக உழைத்தது. 1967-ல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் வோக்ஸ்வாகன் 1600 கார்களில் வந்தது. டி என்றால் ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் ட்ருக் என்ற சொல்லின் முதல் எழுத்து. காற்றுக்குழாயில் உள்ள அழுத்தத்தை அளந்து, அதற்கேற்றபடி பெட்ரோல்.

ஜெர்மானியக் காரில் அந்த நேரத்தில் ஏன் வந்தது? அமெரிக்காவில் விற்பதற்காக. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டம் தாங்காமல் கலிபோர்னியா மாநிலம் வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியிருந்தது. இங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை இன்ஜெக்‌ஷன் கேட்டவர்கள் வேகம் கேட்டார்கள். இப்போது கேட்டது சட்டம். கேட்டது சுத்தமான புகை.

மோந்து பார்க்கும் சென்சார்

1970-களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. சைலன்சர் வழியில் இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி. அதன்மேல் பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. கலவை அந்த 14.7-க்கு மிக அருகிலேயே நிற்க வேண்டும். கைத்திட்டக் கார்புரேட்டரால் முடிகிற காரியமா?

வழி காட்டியது லாம்டா சென்சார். புகைக்குழாயில் உட்கார்ந்து, வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். மிச்சம் இருந்தால் பெட்ரோலைக் கூட்டு, இல்லையென்றால் குறை. 1976-ல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது, அதுவும் கலிபோர்னியாவுக்காகத்தான். 1979-ல் பாஷ் மோட்ரானிக் முறை, இன்ஜெக்‌ஷனையும் பிளக் நேரத்தையும் ஒரே கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. 1996-ல் மிட்சுபிஷி, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு நேரடி இன்ஜெக்‌ஷனைத் திரும்பக் கொண்டுவந்தது.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவில் அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 என்று எல்லாம் கார்புரேட்டர் ராஜ்ஜியம். பெட்ரோலிலும் ஈயம் கலந்திருந்தது. ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் பெட்ரோல் மாற வேண்டும். 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது, அங்கே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். அதன் பிறகுதான் கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் எல்லா பங்குகளிலும் ஈயமில்லாப் பெட்ரோல் உறுதியானது.

1998-ல் தமிழ்நாட்டில் இரண்டு முக்கியமான கார்கள் பிறந்தன. இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சர். லான்சர் பெரிய இடத்துக் கார். சான்ட்ரோ நடுத்தரக் குடும்பத்துக்கு வந்தது, அதுவும் எம்.பி.எப்.ஐ. முறையோடு! ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் என்பதுதான் அந்த நான்கு எழுத்துக்குப் பொருள்.

அடுத்த தள்ளு நீதிமன்றத்திலிருந்து வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. தலைநகர் டெல்லி வட்டாரத்தில் அந்த ஆண்டு ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 அளவுக்கு உட்பட்ட தனியார் கார்களை மட்டுமே பதிவு செய்யலாம். வருடக் கணக்கில் அவகாசம் எதிர்பார்த்திருந்த நிறுவனங்களுக்கு மாதக் கணக்கில்தான் கிடைத்தது. மாருதி 800-ம் எம்.பி.எப்.ஐ. ஆனது.

பைக்குகளின் முறை

காரில் சில ஆயிரம் ரூபாய் கூடினால் தாங்கும். ஐம்பதாயிரம் ரூபாய் பைக்கில் தாங்குமா? 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எப்.ஐ. வந்தது, இந்தியாவில் தயாரான முதல் இன்ஜெக்‌ஷன் பைக். 2007-ல் பஜாஜ் பல்சர் 220, 2008-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். எப்.ஐ., 2009-ல் திருவொற்றியூரிலிருந்து ராயல் என்பீல்டு கிளாசிக் 500.

மக்கள் கொண்டாடினார்களா? இல்லை! 2009-ல் பஜாஜ் அதே பல்சர் 220-ஐ கார்புரேட்டரோடு, குறைந்த விலையில் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வண்டிதான் பல வருடம் சக்கைப்போடு போட்டது. தொழில்நுட்பம் முன்னேறிக்கொண்டேதான் போகும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம். வாங்குகிறவன் பார்ப்பது விலை, மைலேஜ், பழுது பார்க்க ஆள். புகை அவன் பில்லில் வருவதில்லை. அது ஊரார் மூச்சில் போய்ச் சேருகிறது.

அதனால் இங்கேயும் முடிவு செய்தது சட்டம்தான். பாரத் ஸ்டேஜ் 4-லிருந்து 5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போவது என்று அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ். 4 வண்டிகளை விற்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஓரிரு மலிவு பைக்குகளில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு கொண்ட கார்புரேட்டர் தப்பிப் பிழைத்தது. மற்றபடி புல்லட் முதல் எக்ஸ்.எல். 100 வரை எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின.

நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் போர் ஸ்ட்ரோக் பைக்கில் இன்ஜெக்டர் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் திறந்திருப்பது சில மில்லி நொடிகள்தான். 1958-ல் கிரைஸ்லரால் முடியாதது, இன்று மொபெட்டில் நடக்கிறது.

மெக்கானிக் கடையில் என்ன ஆயிற்று?

கடலூர்-சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை முக்கம் என்று ஊருக்கு ஊர் மெக்கானிக் கடைகள். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை ஊதி, காற்று ஸ்குருவை அரைச்சுற்று கூட்டிக் குறைத்து, சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் கலை பல வருடப் பழக்கத்தில் வருவது. வண்டி ஏதோ மாதிரி ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் கார்புரேட்டர்தான்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் காதுக்கு வேலை குறைவு. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் எந்த சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஸ்கேனர் டீலரிடம் இருக்கும். பொதுவான ஸ்கேனர் வாங்கினாலும் எல்லா வண்டிக்கும் பேசாது. பல வண்டிகளில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் கிக்கர் அடித்தும் பயனில்லை. பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்கக் கிளம்புகிறவருக்கு ஒருநாள் வியாபாரமே போய்விடும்.

வெள்ளம் வேறு. கடலூர் மாவட்டம் 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தது. மூழ்கிய பழைய வண்டிக்கு ஆயிலை மாற்றி, பிளக்கைக் காயவைத்து, கார்புரேட்டர் கிண்ணத்து நீரை வடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதோடு கம்ப்யூட்டர், சென்சார், ஒயரிங் கனெக்டர் என்று கவலைப்பட நிறைய உண்டு. உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, புகை குறைந்த லாபம் ஊருக்கு, செலவும் சிரமமும் கடைசி ஆளுக்கு என்று ஆகிவிடக் கூடாது. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுது பார்க்கும் விவரங்களை நிறுவனங்கள் அங்கே வெளியிட வேண்டும் என்பது நோக்கம். இது தெருக்கோடி மெக்கானிக்கின் மொழிக்கும் கைக்கும் வந்து சேர்வதில்தான் பலன் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் கரும்பும் பெட்ரோல் டாங்கும்

கடைசியாக ஒன்று. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இருக்கிறது, 1840-களில் தொடங்கியது. கரும்புச் சக்கையும் பாகும் என்றால் கூடவே எத்தனாலும் உண்டு. நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2003-ல் 5 சதவீதத்தில் தொடங்கி, 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது.

எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்று போதும். 20 சதவீதம் கலந்தால் 14.7 என்ற எண் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதன் ஜெட் பழைய அளவுக்கே பெட்ரோல் விடும், கலவை வறண்டுபோகும், எஞ்சின் சூடேறும். லாம்டா சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி, புகையில் ஆக்சிஜன் மிஞ்சுவதைப் பார்த்து, வால்வைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து சரிக்கட்டிவிடும். மைலேஜ் குறைவதை மட்டும் அதனால் தடுக்க முடியாது, ஏனென்றால் லிட்டருக்கு எத்தனால் தரும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனாலுக்குத் தாங்காத பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எந்தக் கம்ப்யூட்டரும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் பல வருடம் நம் சாலைகளில் ஓடும். அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள். ஜெட்டை மாற்றி, குழாயை மாற்றி, அவர்களுடைய வண்டியை இந்தப் புதிய பெட்ரோலுக்குப் பழக்கப்போவது டீலர் ஷோரூம் அல்ல, சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் அந்த மெக்கானிக்தான்.